பைக் டேங்க் ஏன் கொப்புளிக்கிறது, வீட்டில் அடித்த பெயின்ட் நிற்குமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். குளச்சலில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி உங்கள் வீடு. அப்பா ஓட்டிய 2006 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், கறுப்பு. போன வருடம் ஒரு பட்டறையில் கொடுத்துப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். ஆறே மாதத்தில் டேங்க்கின் கீழ் விளிம்பில் கொப்புளம், சுரண்டினால் உள்ளே துரு. இனி ஸ்ப்ரே கேன் வாங்கி வீட்டு முற்றத்தில் நானே அடிக்கிறேன், எந்தக் கேன் நல்லது, மிலிட்டரி பச்சை அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். காசு கொடுத்து அடித்த பெயின்ட்டே நிற்காத இடத்தில், நான் அடித்தால் மட்டும் நிற்குமா என்ற சந்தேகம்தான் உங்களுக்கு உள்ளே உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நிற்கும். ஆனால் அது எந்தக் கேன் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பட்டறையில் உப்புத்தாள் பிடிக்கிற பையனாகச் சேர்ந்து, இப்போது இருபத்திரண்டு வருடமாக பைக், ஆட்டோ, வேன் என்று பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். என்ஜின் சமாச்சாரம் எனக்குத் தெரியாது, அதை மெக்கானிக்கிடம் கேளுங்கள். உங்கள் டேங்க்கை நான் கையில் எடுத்துப் பார்க்கவும் இல்லை. அதனால் முதலில் நீங்களே ஒரு சோதனை செய்ய வேண்டும்.

கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்துங்கள். உள்ளே இருந்து வருவதை விரலில் தொட்டு மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், டேங்க் உள்பக்கமிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருக்கிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், டேங்க்கின் அடியில்தான் போய்த் தங்கும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற பழைய வண்டியின் டேங்க் அடிப்பக்கத்தில் ஓட்டை விழுவது இப்படித்தான். அப்படியென்றால் நான் கீழே எழுதும் எதுவும் உங்களுக்கு இப்போது உதவாது. டேங்க்கைப் பற்றவைப்பவரிடமோ வேறு டேங்க் தேடியோதான் போக வேண்டும். பற்றவைக்கிற ஆள், காலி டேங்க்தானே என்று நேராகத் தீயை வைத்தால் அவரிடம் கொடுக்காதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்குதான் வெடிக்கும், உள்ளே இருக்கிற ஆவி போதும். நீங்கள் வீட்டில் வேலை செய்வதாக இருந்தாலும் டேங்க்கை வடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி, வாய்களை அடைத்த பிறகுதான் உப்புத்தாளையே எடுக்க வேண்டும். கிரைண்டரைப் பக்கத்தில் கொண்டுவரவே வேண்டாம்.

குத்திய இடத்தில் வாடை இல்லாமல் பழுப்பு நிறத்தில் தண்ணீர் மட்டும் வந்தால் மேலே படியுங்கள். அதுதான் நம் மாவட்டத்துக் கடற்கரை வியாதி.

பெயின்ட் என்பது பிளாஸ்டிக் கவர் மாதிரி தண்ணீரை முழுதாகத் தடுத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எந்தப் பெயின்ட்டும் கொஞ்சம் ஈரத்தை உள்ளே விடும். அடியில் தகரம் சுத்தமாக இருந்தால் அந்த ஈரத்தால் பெரிய கேடு வராது. அடியில் துளி உப்பு ஒட்டியிருந்தால் அது வெளியிலிருக்கும் ஈரத்தைப் படலத்தின் வழியாக இழுக்கத் தொடங்கும். எலுமிச்சங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விட்டு ஊறுகிறதே, அதே கணக்கு. இழுத்த தண்ணீருக்குப் போக வழி கிடையாது, பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு கொப்புளமாக நிற்கும். அதற்குள்ளேயே தகரம் துருப்பிடிக்கும். ஆகவே உங்கள் டேங்க்கைக் கெடுத்தது அடித்த பிறகு பட்ட கடல்காற்றைவிட, அடிப்பதற்கு முன்பே தகரத்தில் உட்கார்ந்திருந்த உப்பாகத்தான் இருக்க வேண்டும். பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவசரப்பட்டிருப்பார். நானும் பட்டிருக்கிறேன்.

தொழிலைத் தனியாக ஆரம்பித்த புதிதில் கடற்கரை ஊர் ஒன்றில் ஒருவருடைய வீட்டிலேயே வைத்து அவர் பைக்குக்கு அடித்துக் கொடுத்தேன். குழி நிரப்பும் பட்டி, கலருக்கு அடியில் போடும் பிரைமர், கலர், எல்லாம் நல்ல சரக்கு. முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று வந்தது. நாலு மாதத்தில் டேங்க் முழுக்க அம்மை போட்ட மாதிரி கொப்புளம். பெயின்ட் கம்பெனியைத் திட்டினேன், தின்னரைத் திட்டினேன். இரண்டாவது முறை சும்மா அடித்துக் கொடுக்கப் போனபோது தாகத்துக்கு அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்தேன். கரித்தது. முதல் முறை வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்துத் தேய்த்ததும் கடைசியில் கழுவியதும் அந்தத் தண்ணீரில்தான். உப்பைக் கழுவுகிறேன் என்று நினைத்து உப்பைப் பூசிவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு கடலோரத்து வேலை என்றால் குடிக்கிற தண்ணீர் இரண்டு குடம் எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லிவிடுவேன். நீங்களும் குடிநீரிலோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரிலோதான் கழுவ வேண்டும். இந்தப் பதிலில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வேலை இப்படிப் போகும். டேங்க், சைடு பேனல், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கௌல் எல்லாவற்றையும் வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். வண்டியில் வைத்துக்கொண்டே பேப்பர் சுற்றி அடிப்பது வேண்டாம். ஸ்டிக்கர்களை உரிப்பதற்கு முன் ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப ஒட்டும்போது இடமும் வலமும் ஒன்றாக வராது. எது தகரம், எது பிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பாகத்தில் பெயின்ட் ரிமூவரைத் தடவக் கூடாது, பிளாஸ்டிக்கே இளகிவிடும். அதை 400, 600 நம்பர் தாளில் மெதுவாக மட்டம் செய்து, பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமர் அடித்தால் போதும்.

டேங்க்கில் ஏற்கெனவே அடித்தது உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தை முழுக்க உரிக்க வேண்டியதில்லை என்று சாதாரணமாகச் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்லமாட்டேன். ஓரிடத்தில் உப்பு இருந்தால் மற்ற இடத்திலும் இருக்கும், இன்னும் கொப்புளிக்கவில்லை, அவ்வளவுதான். தகரம் வரைக்கும் போய்விடுங்கள். 80 நம்பரில் ஆரம்பித்து 180, அப்புறம் 320. துருவின் குழிகளுக்குள் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டுங்கள். குழிக்குள் கறுப்பாகத் தெரிவதும் துருதான், உப்பு பதுங்கியிருக்கும் இடமும் அதுதான். ரஸ்ட் ரிமூவர் போட்டால் அதையும் நல்ல தண்ணீரில் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும், அந்த ஆசிட் தங்கினாலும் மேலே போடும் பிரைமர் பிடிக்காது. கழுவி, துடைத்து, வெயிலில் வைத்து, கை பொறுக்கும் சூடு ஏறிய பிறகு நிழலுக்குக் கொண்டுவாருங்கள். இனிமேல் வெறும் கையால் தொடாதீர்கள். அன்றே, முடிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்திலேயே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெள்ளையாகத் தெரியும் தகரத்தை ராத்திரி திறந்து வைத்தால் குளச்சலில் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அதன் மேல் அடித்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிரைமருக்கு இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி பிரைமரையே வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டைப் பெயின்ட் அடிக்கத் தரும் ரெட் ஆக்சைடு இருக்கிறதே, அதை டேங்க்குக்கு அடித்துவிட்டு மேலே ஸ்ப்ரே கேன் அடிப்பதுதான் வீட்டு வேலையில் நான் அதிகம் பார்க்கும் தப்பு. ரெட் ஆக்சைடு மெதுவாகக் காயும் எண்ணெய் வகை. கேனில் இருப்பது பெரும்பாலும் காரமான தின்னர் கலந்த லாக்கர் வகை. அது கீழே பாதி காய்ந்து கிடப்பதை இளக்கித் தூக்கிவிடும். பாலாடை மாதிரி சுருங்கிப்போய் நிற்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

பட்டி விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருகிற பெயின்டர்கள் நிறைய உண்டு. ஹார்டனர் (இறுக வைக்கும் மருந்து) கலந்து போடும் பாடி பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நம் பக்கத்தில் பழக்கம். தூசி பறக்காது, சுகமாகத் தேயும். ஆனால் அந்தப் பட்டி தண்ணீரைக் குடிக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். உள்நாட்டில் அது எப்படியோ தப்பித்துக்கொள்ளும், கடலோரத்தில் தப்பிக்காது. பட்டியை உலர்ந்த தாளில்தான் தேய்க்க வேண்டும். பிரைமர் மூடிய பிறகு 600, 800 என்று தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, பட்டியை வெறும் தகரத்தில் வைப்பதைவிட எபாக்ஸி பிரைமர் மேல் கீறிவிட்டு அதில் வைப்பது எனக்குப் பிடிக்கும். இது என் பழக்கம். தகரத்தில் நேராக வைப்பவர்களும் நல்ல வேலை செய்கிறார்கள்.

அப்புறம் காலம். நமக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூன் தொடங்கித் தென்மேற்கு, அக்டோபர் தொடங்கி வடகிழக்கு. நடுவில் வெயில் அடித்தாலும் காற்றில் ஈரம் குறையாது. ஈரத்தால் என்ன கெடுதி என்றால், தின்னர் ஆவியாகும்போது அடித்த இடத்தைக் குளிர வைக்கும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், ஒரு பொருள் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதன் மேல் பனி இறங்கிவிடும். வெறும் நாலு டிகிரிதான் இடைவெளி. வேகமாக ஆவியாகும் தின்னர் அந்த நாலு டிகிரியை எளிதாகக் குறைத்துவிடும். கறுப்பு அடித்திருப்பீர்கள், சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப்போகும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அடித்தால் இந்தத் தொல்லை குறைவு. காலைப் பனி விலகிய பிறகு, ஒன்பதரை, பத்துக்கு ஆரம்பித்து, கடல்காற்று பலமாவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் சாரல் நின்ற ஒரு மத்தியானத்தைப் பார்த்து ஆசைப்பட்டுவிடாதீர்கள். ஸ்ப்ரே கன்னும் கம்ப்ரெஸரும் வாடகைக்கு எடுக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் நம் ஊர்க் காற்றை அமுக்கினால் அதிலிருந்து தண்ணீர்தான் வரும். சாயங்காலம் என் கம்ப்ரெஸர் வடிகாலைத் திறந்தால் ஒரு டம்ளர் நிறையும். அந்தத் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வாட்டர் செப்பரேட்டர் இல்லாத வாடகைக் கம்ப்ரெஸரைவிட ஸ்ப்ரே கேனே மேல்.

அடிக்கும் இடத்தின் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள், பாகங்களின் மேல் தெறிக்காமல். கடல் பக்கத்து வாசலுக்கு நனைத்த பழைய சேலையைக் கட்டித் தொங்கவிடலாம். மணவாளக்குறிச்சிப் பக்கம் வேலை செய்தபோது ஈரப் பெயின்ட்டில் கறுப்பு மணல் பொடி வந்து ஒட்டும், திட்டிக்கொண்டே எடுப்பேன். அந்தக் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெண்மை தருகிற டைட்டானியம் டை ஆக்சைடை எடுக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அந்தக் கையால் டேங்க்கைத் தொட்டால் அந்த இடத்தில் பெயின்ட் விலகிக் குட்டிக் குட்டி வட்டமாகக் குழி விழும். மீன்கண் என்போம். வண்டி பாலிஷில் இருக்கும் சிலிக்கான் இதைவிட மோசம், ஒரு துளி போதும். அன்றைக்கு ஒரு நாள் எண்ணெய் வைக்காமல் இருங்கள்.

கலர் அடிப்பதைப் பற்றி நிறைய வீடியோ இருக்கிறது, நான் நீட்டவில்லை. கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள், பாகத்துக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முதல் கோட்டிலேயே மூடிவிட வேண்டும் என்ற ஆசைதான் வழியவிடும். முதல் கோட் பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மெட்டாலிக் கலர் முதல்முறை அடிப்பவருக்கு வேண்டாம், திட்டுத் திட்டாகத் தெரியும்.

கடைசியாகக் கிளியர் கோட், கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு. இங்கேதான் கேனின் எல்லை வருகிறது. சாதாரணக் கேனில் வரும் கிளியர், எவ்வளவு நாள் காய்ந்தாலும் பெட்ரோல் பட்டால் இளகும். டேங்க் மூடியைச் சுற்றி முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் உரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கொடுமை. பெட்ரோலைத் தாங்குவது ஹார்டனர் கலந்த இரண்டு பாகக் கிளியர், நாங்கள் பி.யு. என்போம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும், தொழிலையே விட வேண்டி வரும். அப்படி விட்டவர்களை எனக்குத் தெரியும். வாடை தெரிவதற்கு முன்பே அளவு மீறியிருக்கும் என்பதால் மூக்கை நம்ப முடியாது. வாயில் கட்டும் துண்டும் கொரோனா காலத்து முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் குழாய் முகமூடி போட்டுக்கொண்டுதான் இதை அடிக்க வேண்டும். வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் முற்றத்தில் அடிக்கிற சரக்கு இல்லை இது.

அதனால் நான் சொல்வது, வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். உரிப்பது, கழுவுவது, பிரைமர், பட்டி, தேய்ப்பது எல்லாம் நீங்கள் செய்யுங்கள். வேலையில் முக்கால் பங்கு அதுதான், உங்கள் டேங்க் முன்பு கெட்டதும் அங்கேதான். பட்டறையில் ஒரு நாள் கூலிக்கு அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது, உங்களிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பிறகு டேங்க்கைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கலரும் கிளியரும் மட்டும் பூத் (பெயின்ட் அடிக்கவென்று அடைத்த அறை) வைத்திருக்கும் பட்டறையில் அடித்து வாங்குங்கள். சைடு பேனல்களைக் கேனிலேயே முடித்துக்கொள்ளலாம், அங்கே பெட்ரோல் படப்போவதில்லை. ஆனால் டேங்க்கின் பளபளப்போடு அச்சு அசலாகச் சேராது, அது பரவாயில்லையென்றால் மட்டும். இத்தனை வருடம் தாங்கும் என்று நான் எழுதிக் கொடுக்கமாட்டேன். கடலுக்கு அரை கிலோமீட்டரில், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுகிறவருக்கும் கழுவாதவருக்கும் ஒரே பெயின்ட் ஒரே ஆயுசு தராது.

மிலிட்டரி பச்சை வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121, ராணுவத் துறை வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. வேறு நிறம் என்றாலும் ஆர்.சி.யில் கறுப்பு என்று இருக்கும். மாற்றினால் அதிலும் மாற்ற வேண்டும். அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், வழிமுறையை அவர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும். 2006 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்திருப்பீர்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடி வண்டியைக் காட்ட வேண்டும். அப்போது சேஸிஸ் நம்பரைப் பார்ப்பார்கள். ஃப்ரேமுக்கும் பெயின்ட் அடிக்கும் உற்சாகத்தில் அந்த நம்பர் வெட்டியிருக்கும் இடத்தில் உப்புத்தாளோ பட்டியோ வைத்துவிடாதீர்கள், மாஸ்கிங் டேப் ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் அப்பா ஓட்டிய கறுப்பையே அடியுங்கள், கேனிலும் கறுப்புதான் சொன்ன பேச்சு கேட்கும்.

டேங்க் திரும்ப வந்ததும் ஒரு வாரம் நிழலில் சும்மா கிடக்கட்டும், அதற்குள் வண்டியில் ஏற்றிப் பெட்ரோல் ஊற்றாதீர்கள். பொருத்தும்போது டேங்க் உட்காரும் ரப்பர்களைப் புதிதாகப் போடுங்கள், பழையது இறுகிப்போய்ப் புதுப் பெயின்ட்டை உரசித் தின்றுவிடும். கொப்புளத்தைக் குத்திப் பார்த்துவிட்டு வாடை வந்ததா இல்லையா என்று மட்டும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.